மெருகிட்டால் மதிப்பிழக்கும் ஆயுதங்கள்

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போதே நம் வீடுகளில் குத்துவிளக்குகள் கிணற்றடிக்கு வந்துவிடும். பழப்புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கத் துலக்க விளக்குக்கு அழகு கூடும். துலக்கிய இல்லத்தரசிக்கும் பெருமை கூடும். பழம்பொருள் எதுவாயினும் துலக்கி வைத்தால் அதன் மதிப்பு உயருமென்றே நாம் எண்ணுகிறோம். இந்த எண்ணத்தை முற்றிலும் பொய்யாக்குகின்ற ஒரு சேகரிப்புத் துறை உலகில் உண்டு. அதுதான் பழைய இராணுவ றிவோல்வர்களைச் சேகரிக்கும் துறை.

தபால் முத்திரை சேர்ப்போரையும் நாணயம் சேர்ப்போரையும் நாம் அறிவோம். அவர்களுடைய பொழுதுபோக்கினால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் மனித உயிரைப் போக்குவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு கருவியைத் தேடி நாடு நாடாக அலைவதும், பெரும்பொருள் கொடுத்து அதனை வாங்குவதும், பட்டுத் துணியிற் பொதிந்து பாதுகாப்பதும் விசித்திரமாகத் தோன்றலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இத்தகையோர் பல்லாயிரவர் உளர். இவர்களுள் துப்பாக்கி சுடுவதில் ஆசையுள்ளவர்களும் உண்டு. ஒரு தடவையேனும் சுட்டறியாத வரலாற்றாசிரியர்களும் உண்டு. இவர்கள் தேடுவது எதனை? அதனை அறிய, றிவோல்வர் பிறந்த கதையிலிருந்து தொடங்குவதே நன்று.

கப்பற் சக்கரமும் மரத்துண்டும்

ஒருமுறை மருந்து கெட்டித்து ஒருமுறை மட்டுமே சுடக்கூடிய துப்பாக்கிகளே முன்னர் வழக்கில் இருந்தன. அடுத்த வெடிக்குத் தயாராவதற்குள் எதிரி அண்மித்துவிடுவான். இக்குறையைப் போக்க, பல அறைகள் கொண்ட ஓர் உருளையைக் குழலின் பின்னே பொருத்திச் சுழலவிடும் எண்ணம் பலருக்கும் தோன்றியது. எலிஷா கொலியர் என்னும் அமெரிக்கர் 1818ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் அத்தகைய துப்பாக்கி ஒன்றுக்கு உரிமை பெற்றார். ஆயினும் உருளையைச் சுழற்றிச் சரியான இடத்திற் பூட்டும் வேலையைச் சுத்தியல் இழுக்கும்போதே தானாக நிகழுமாறு செய்து, அதனைத் தொழிற்சாலையிற் பெருந்தொகையாக உற்பத்தி செய்த பெருமை சாமுவேல் கோல்ட் என்பவரையே சாரும்.

1814இல் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரிற் பிறந்த கோல்ட், பதினாறு வயதில் கொர்வோ என்னும் பாய்க்கப்பலிற் கல்கத்தாவுக்குப் பயணம் செய்தார். அப்பயணத்தின்போது கப்பலின் சுக்கான் சக்கரம் சுழன்று நிற்பதைக் கண்டே தமக்கு இந்த யோசனை உதித்ததாகக் கூறப்படும் கதை பிரசித்தமானது. அக்காலத்தில் அவர் மரத்திற் செதுக்கிய மாதிரியின் பாகங்கள் என்று கருதப்படுபவை ஹார்ட்போர்ட் நகர நூதனசாலையில் இன்றும் உள்ளன. 1836இல் அமெரிக்காவில் உரிமை பெற்றுத் தொழிற்சாலையும் நிறுவினார். ஆனால் இராணுவம் போதிய அளவு வாங்காமையால் 1842இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. கோல்ட் கையில் ஒரு துப்பாக்கியேனும் மிஞ்சாத நிலைக்கு வந்தார் என்பர்.

வோக்கர் கேட்ட ஆயுதம்

அவரை மீண்டும் உயர்த்தியவர் டெக்சாஸ் றேஞ்சர் படையைச் சேர்ந்த சாமுவேல் வோக்கர். 1844இல் கப்டன் ஹேய்ஸ் என்பவரின் தலைமையில் சுமார் 15 றேஞ்சர்கள், தம்மிலும் பன்மடங்கு தொகையினரான கொமாஞ்சி இந்தியர்களை எதிர்த்துப் போரிட்டனர். கொமாஞ்சிகளோ குதிரை மீதிருந்தவாறே அம்பெய்வதில் வல்லவர்கள். துப்பாக்கிக்காரன் மருந்து கெட்டிக்கும் இடைவேளைக்குள் பல அம்புகளைச் செலுத்துவார்கள். அன்று றேஞ்சர்களிடம் கோல்ட் செய்த ஐந்து வெடி றிவோல்வர்கள் இருந்தன. அந்த இடைவேளை ஒழிந்தது. போரின் முடிவும் மாறியது. அச்சண்டையில் வோக்கர் ஈட்டி பாய்ந்து காயமுற்றவராயினும் உயிர் பிழைத்தார்.

1846இல் மெக்சிக்கோவுடன் யுத்தம் மூண்டபோது வோக்கர், அந்த ஆயுதத்தைத் திருத்தி வலிமையாக்கவேண்டுமெனக் கோல்ட்டுடன் கலந்தாலோசித்தார். ஐந்துக்குப் பதிலாக ஆறு வெடி, பெரிய ஈயக்குண்டு, நீண்ட குழல் என்று வோக்கர் கேட்டவற்றையெல்லாம் கோல்ட் சேர்த்தார். இவ்வாறு உருவான வோக்கர் றிவோல்வரின் நிறை 4 இறாத்தல் 9 அவுன்ஸ். அதன் குழல் மட்டும் ஒன்பது அங்குலம். இடுப்பிற் செருகக்கூடியதன்று, குதிரைச் சேணத்தில் தொங்கவிடவேண்டியது. அரசாங்கம் 1,000 றிவோல்வர்களுக்குக் கட்டளையிட்டது. தமக்கெனத் தொழிற்சாலை இல்லாத கோல்ட், கனெக்டிகட் மாநிலத்தில் எலி விட்னியின் தொழிற்சாலையில் 1847இல் அவற்றைச் செய்வித்தார். பொதுமக்களுக்கு விற்கவும் நண்பர்களுக்கு வழங்கவும் மேலும் 100 செய்யப்பட்டன. ஆக மொத்தம் 1,100.

கோல்ட் அன்பளிப்பாக அனுப்பிய ஒரு சோடி றிவோல்வர்கள் வோக்கரின் கையை அடைந்து சில நாட்களுள், 1847 ஒக்டோபர் 9ஆந் தேதி, உவமந்த்லா என்னும் மெக்சிக்க ஊரில் நடந்த சண்டையில் அவர் கொல்லப்பட்டார். அவர் கேட்ட ஆயுதம் அவரைக் காக்கவில்லை. ஆனால் அவர் பெயரைக் காத்தது.

இந்த 1,100இல் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. அக்காலத்து இரும்பின் குறையினாலும், படைவீரர்கள் அளவுக்கு மிஞ்சி மருந்து கெட்டித்தமையாலும் பல உருளைகள் வெடித்துச் சிதறின. சில போரிலே தொலைந்தன. சில தேய்ந்து குப்பையிற் சேர்ந்தன. எஞ்சியவற்றுள் ஒன்று டென்மார்க் தேசத்துக் கப்பற் தலைவர் நீல்ஸ் ஹான்சன் என்பவர் அமெரிக்காவில் வாங்கித் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றது. மருந்துக் குடுவை முதலிய உபகரணங்களோடு, பெட்டியில் வைத்தபடியே அது பிழைத்திருந்தது. அவ்வாறு பெட்டியோடு அறியப்பட்ட வோக்கர் அது ஒன்றே. 2018இல் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் அது 18 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று.

அபூர்வம் என்பது யாது?

பழமையானதெல்லாம் அபூர்வமன்று. இதனைப் புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர் முதலில் அறியவேண்டும். ருஷ்ய இராணுவம் 1895இல் ஏற்றுக்கொண்ட நாகன் றிவோல்வரை எடுத்துக்கொள்வோம். ஏழு வெடி கொண்டது அது. சுடும்போது உருளை முன்னோக்கி நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்வதால், மற்ற றிவோல்வர்களிற் போல இடைவெளியாற் புகை கசிவதில்லை. நுட்பமான வேலைப்பாடுதான், ஆயினும் சார் மன்னர் காலத்திலும் சோவியத் ஆட்சியிலும் பெருந்தொகையாகச் செய்யப்பட்டமையால் அது எளிதிற் கிடைக்கும் பொருளாயிற்று. எனினும் முதல் 20,000 நாகன்கள் ருஷ்யாவிலன்றிப் பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலே செய்யப்பட்டவை. மேனியிற் பொறித்த ஊர்ப்பெயர் ஒன்றே சாதாரணப் பொருளை அபூர்வப் பொருளாக்கிவிடுகிறது.

இதற்கு மாறாக, பிறக்கும்போதே தொகை குறைந்து பிறந்தவையும் உண்டு. நியூ ஓர்லீன்ஸ் நகரைச் சேர்ந்த வைத்தியர் லெ மா 1856இல் உரிமை பெற்ற றிவோல்வரில் ஒன்பது அறைகள் உண்டு. அவற்றின் நடுவே, உருளையின் அச்சாக, சிறு ஈயச் சன்னங்களைச் சுடும் இரண்டாவது குழலும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னகப் படைத் தலைவர்கள் இதனை விரும்பினர். ஐரோப்பாவிற் செய்து, வட அமெரிக்கக் கடற்படையின் முற்றுகையைத் தாண்டிக் கொண்டுவரவேண்டியிருந்தமையால், ஏறக்குறைய 2,900க்கு மேல் அவை செய்யப்படவில்லை.

பிரித்தானியரின் வெப்லி-பொஸ்பெரியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இதனை அமைத்த கேணல் ஜோர்ஜ் பொஸ்பெரி, 1863இல் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நடந்த அம்பேலாப் போரில் விக்டோரியாச் சிலுவை பெற்றவர். ஒரு வெடியின் உதைப்பைக் கொண்டே குழலும் உருளையும் பின்னுக்குச் சறுக்கி, அடுத்த வெடிக்குச் சுத்தியல் தானாக எழுமாறு அவர் செய்தார். உருளையின் வெளிப்புறத்தில் வளைந்து வளைந்து செல்லும் பள்ளக்கோடுகளே அதன் அடையாளம். 1901இல் விற்பனைக்கு வந்த இந்த ஆயுதத்தை இராணுவம் உத்தியோக பூர்வமாக ஏற்கவில்லை. ஆயினும் படையினரின் தோட்டாவையே ஏற்கும் றிவோல்வராயின் அதிகாரிகள் தம் சொந்தச் செலவில் எதனையும் வாங்கலாம் என்ற விதி அக்காலத்தில் இருந்தது. அதன்படி பலர் வாங்கினர். முதலாம் உலக யுத்தத்தில், பிரான்சின் பதுங்குகுழிச் சேற்றின் முன்னே அதன் நுண்ணிய சறுக்குப் பாதை தோல்வியுற்றது. மொத்தத்தில் 5,000க்குக் குறைவாகவே அது செய்யப்பட்டது. டாஷியல் ஹாமெற்றின் துப்பறியும் நவீனமான “மோல்ற்றீஸ் பால்கன்” கதையில் கொலைக்கருவியாக வந்தமையால், துப்பாக்கியைக் கண்டறியாதவர்களுக்கும் இதன் பெயர் தெரியும்.

இலக்கங்கள் பேசும் மொழி

இராணுவ றிவோல்வர் ஒன்றின் மேனியிற் பல குறிகள் பொறிக்கப்பட்டிருக்கும். செய்தவர் பெயர், தொடரிலக்கம், பரிசோதகரின் பெயரெழுத்துக்கள், அரசாங்க முத்திரை, சிலவேளை படைப்பிரிவின் அடையாளம் என்பனவே அவை. பிரித்தானிய அரசின் உடைமை என்பதற்கு அகன்ற அம்புக்குறி ஒன்று இருக்கும். இரண்டு அம்புகள் ஒன்றையொன்று நோக்கி முனையோடு முனை நின்றால், அந்த ஆயுதம் சேவையிலிருந்து நீக்கி விற்கப்பட்டது என்பது பொருள். கோவிற் கல்வெட்டைப் படிக்கும் ஆராய்ச்சியாளரைப் போலவே சேகரிப்போர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு இக்குறிகளைப் படிக்கின்றனர்.

இக்குறிகளின் அருமைக்குச் சிறந்த உதாரணம், அமெரிக்கக் குதிரைப்படை 1873இல் ஏற்றுக்கொண்ட கோல்ட் றிவோல்வர். ஏழரை அங்குலக் குழல் கொண்ட இதனை 1891 வரையில் அரசாங்கம் சுமார் 37,000 வாங்கியது. தொடக்கத்தில் வந்தவற்றை ஓர்வில் எயின்ஸ்வர்த் என்னும் பரிசோதகர் பார்வையிட்டுத் தம் பெயரின் முதலெழுத்தைப் பொறித்தார். அக்காலத்து றிவோல்வர்களே ஜெனரல் கஸ்டரின் ஏழாவது குதிரைப்படைக்கும் வழங்கப்பட்டன. 1876 யூன் 25ஆந் தேதி லிற்றில் பிக் ஹோர்ண் ஆற்றங்கரையில், லக்கோட்டா, செயேன் முதலிய இந்திய மக்கள் கஸ்டரையும் அவரோடு நின்ற இருநூறுக்கு மேற்பட்ட வீரர்களையும் வீழ்த்தி, அவர்களுடைய ஆயுதங்களையும் எடுத்துச் சென்றனர்.

பின்னர் 1892இல் இராணுவம் சிறிய ரவையைச் சுடும் புதிய றிவோல்வருக்கு மாறியது. பழையவற்றுட் பெருந்தொகையானவை 1890களின் நடுப்பகுதியிலிருந்து தொழிற்சாலைக்குத் திருப்பி அழைக்கப்பட்டுக் குழல்கள் ஐந்தரை அங்குலமாக வெட்டப்பட்டன. கழற்றிய பாகங்களை மீண்டும் பூட்டும்போது எந்த உடலுக்கு எந்தப் பாகம் என்று ஒருவரும் பார்க்கவில்லை. பிலிப்பைன்சில் நடந்த போரிற் புதிய ரவை வலிமை போதாதென்று கண்டு, பழைய றிவோல்வர்களை மீண்டும் வெளியே எடுத்தபோது, ஒரே துப்பாக்கியில் மூன்று நான்கு வெவ்வேறு இலக்கங்கள் இருந்தன. எனவே குழல் வெட்டப்படாமலும், எல்லா இலக்கங்களும் ஒன்றாகவும் எஞ்சிய குதிரைப்படை றிவோல்வர் இன்று அபூர்வத்திலும் அபூர்வம்.

கதையை வாங்காதே!

எங்கே பெருவிலை உண்டோ அங்கே போலியும் உண்டு. வெட்டிய குழலுக்குப் பதில் புதிய நீண்ட குழல் பூட்டுவோர் உளர். இலக்கத்தை அரத்தால் அராவி வேறிலக்கம் பொறிப்போர் உளர். சாதாரண வெப்லி ஒன்றில் மாண்டுபோன அதிகாரி ஒருவரின் பெயரைச் செதுக்கி விற்போரும் உளர். இவை யாவற்றிலும் எளிதான மோசடி வாயினாற் செய்யப்படுவது. “இது கஸ்டரோடு நின்ற வீரனின் துப்பாக்கி, என் பாட்டனார் சொன்னார்” என்ற ஒரு வசனம் போதும், ஆசை கொண்டவன் கண்ணை அது மறைத்துவிடும். ஏழாவது குதிரைப்படைக்குச் சென்ற தொகுதியின் இலக்கத்துக்கு அண்மையான இலக்கம் இருப்பதனால் மட்டும் ஒரு துப்பாக்கி அன்று அக்களத்தில் நின்றதாகிவிடாது. ஆகவே “துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே” என்பது அனுபவம் மிக்க சேகரிப்போர் கற்பிக்கும் முதற் பாடம்.

மெய்யை அறியத் துணைபுரிபவை பத்திரங்கள். பழைய கோல்ட் றிவோல்வரின் இலக்கத்தைக் கொடுத்தால், தொழிற்சாலைப் பேரேடு எஞ்சியிருக்குமிடத்து, அது எப்போது யாருக்கு அனுப்பப்பட்டது என்பதை அறியலாம். ஆனால் 1864இல் ஹார்ட்போர்ட் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தபோது பல ஏடுகளும் சாம்பலாயின. பத்திரம் அழிந்தபின் எஞ்சும் சாட்சி உலோகம் ஒன்றே. பிடி தேய்ந்த அளவுக்கு உருளை தேய்ந்திருக்கிறதா, ஓரங்கள் கூர்மையாக உள்ளனவா, திருகாணித் தலைகள் சிதைந்துள்ளனவா, பழைய நீல மெருகு எந்தெந்த இடத்தில் மறைந்திருக்கிறது என்பனவெல்லாம் அச்சாட்சி சொல்லும் வாக்குமூலங்கள்.

இந்த வாக்குமூலத்தை முதலில் அழிப்பவன் போலிக்காரன் அல்லன். தன்னிடமுள்ள பொருளை மெய்யாகவே நேசிக்கும் உரிமையாளனே அழிக்கிறான்! தந்தையின் துப்பாக்கி கறுத்துக் கிடக்கிறதே என்று உப்புத்தாள் கொண்டு தேய்க்கிறான். எந்திரச் சக்கரத்திற் பிடித்துப் பளபளக்கச் செய்கிறான். புதிதாக நீல மெருகும் ஏற்றுவிக்கிறான். முத்திரைகள் மங்குகின்றன, ஓரங்கள் மழுங்குகின்றன. மெய்யான துப்பாக்கியும் போலியும் அதன்பின் ஒன்றுபோலவே மின்னும். ஒருமுறை தேய்த்து நீக்கியதை மீண்டும் ஒட்டவைக்க எந்தக் கம்மாளனாலும் இயலாது.

நூதனசாலையினர் கையாளும் முறை மிக எளியது. மேலே படிந்த தூசியை மென்துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, ஈரமற்ற இடத்தில் வைப்பார்கள். வியர்வையிலுள்ள உப்பு இரும்பை அரிக்குமாதலாற் கையுறை அணிந்தே தொடுவார்கள். பழைய தோலுறை எவ்வளவு அழகாயினும் அதனுள் வைக்கமாட்டார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சித் துருவை வளர்க்கும். எல்லாவற்றுக்கும் முதலாக, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நூறாண்டுக்கு முன் கெட்டித்த கருமருந்து உலர்ந்திருந்தால், இன்றும் வெடிக்கவல்லது.

சட்டமும் மனச்சாட்சியும்

அமெரிக்காவில் 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்ட துப்பாக்கிகளை 1968ஆம் ஆண்டுச் சட்டம் பழம்பொருள்களாகக் கருதுகிறது. பிரித்தானியாவின் நிலை வேறு. 1996இல் ஸ்கொத்லாந்தின் டன்பிளேன் பாடசாலையில் 16 சிறுவரும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன்பின் 1997இல் அங்கே கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் தடைசெய்யப்பட்டன. சரித்திர மதிப்புள்ள பழையவற்றுக்கு மட்டும் கடும் நிபந்தனைகளோடு விலக்கு அளிக்கப்பட்டது. நமது இலங்கையிலோ 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். பழைய பெட்டகத்தில் அத்தகையதொன்று அகப்பட்டால், அதனைத் துலக்கவோ இயக்கிப் பார்க்கவோ முற்படாது பொலிசாருக்கு அறிவிப்பதே சட்டத்துக்கும் உயிருக்கும் நன்று.

றிவோல்வர் என்ற சொல்லை நாம் பொழுதுபோக்காக மட்டும் கேட்க இயலாது. 1959 செப்டெம்பர் 25ஆந் தேதி பிரதமர் பண்டாரநாயக்கா தம் இல்லத்து விறாந்தையில் றிவோல்வராற் சுடப்பட்டு மறுநாள் மரணமடைந்தார். அதன் பின்னர் இந்நாடு கண்ட துப்பாக்கிகளின் கதையை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அப்படியிருக்க, இத்தகைய கருவிகளைப் பேணுவது தகுமா என்று ஒருவர் கேட்டால் அக்கேள்வி நியாயமானதே.

அதற்குரிய விடை அந்த வோக்கர் றிவோல்வரிலேயே உண்டென்று தோன்றுகிறது. அதன் உருளையைச் சுற்றி ஒரு சித்திரம் மெல்லிய கோடுகளாற் பொறிக்கப்பட்டிருக்கும். றேஞ்சர்கள் குதிரை மீது பாய்ந்து, கொமாஞ்சிகளைத் துரத்திச் சுடும் காட்சி அது. ஓம்ஸ்பி என்னும் சித்திரச் செதுக்குநர் தீட்டியது. துப்பாக்கியின் மேலுள்ள மற்றக் குறிகளெல்லாம் செய்தவனையும் பரிசோதித்தவனையும் வைத்திருந்தவனையும் பற்றியே கூறும். யார்மேற் சுடப்பட்டது என்பதைக் கூறுவது அச்சித்திரம் ஒன்றே. வென்றவர் பெருமைக்காகவே அது தீட்டப்பட்டதாயினும், தோற்றவர் உருவமும் அதில் இருக்கிறது.

கோடுகள் மிக மெல்லியவை. ஆதலால் உருளையைத் தேய்த்தால் முதலில் மறைவதும் அச்சித்திரந்தான். நல்ல சேகரிப்பாளர் துலக்காமல் விடுவது அதன் பொருட்டே.